வெனிஸுக்கு ஓர் இரவேனும் கொடுங்கள்: ஐரோப்பியச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கும், அக்குழுக்களை வழிநடத்தும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பயணத் திட்டங்களில் வெனிஸ் நகரத்துக்கு ஒதுக்கப்படும் நேரத்தைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். பன்னிரண்டு நாள், பதினான்கு நாள் என்று நீங்கள் அச்சிடும் அட்டவணைகள் பலவற்றில் வெனிஸ் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. காலையில் படகில் சென்று சான் மார்கோ சதுக்கம் காணல், கண்ணாடி ஊதும் பட்டறை, கோண்டோலா என்ற துடுப்புப் படகில் சவாரி, மாலையில் பேருந்தில் புறப்பாடு என்பதே அந்த வரி. அதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெனிஸுக்கு ஓர் இரவேனும் கொடுங்கள். கொடுக்க இயலாத திட்டத்தில் அந்நகரைச் சேர்க்காதீர்கள்.

நான் பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் நானும் என் மனைவியும் இப்படியொரு குழுவில்தான் முதன்முறையாக வெனிஸுக்குச் சென்றோம். எங்களை அழைத்துச் சென்றவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். குறை அவர்கள் கையிலிருந்த அட்டவணையில் இருந்தது. 42 பேர் காலை பத்து மணிக்குப் படகிலிருந்து இறங்கினோம். சான் மார்கோ தேவாலயத்தின் முன் வரிசை நீண்டிருந்ததால் உள்ளே செல்ல நேரமில்லை என்றார்கள். அதன் முகப்பின் மேலிருக்கும் நான்கு குதிரைகளைக் கீழிருந்தே படம் எடுத்துக்கொண்டோம். கண்ணாடிக் கடையில் முக்கால் மணி நேரம், கோண்டோலாவில் அரை மணி நேரம். பகல் உணவுக்குக் கொண்டுவந்திருந்த புளியோதரைப் பொட்டலங்களைச் சதுக்கத்தின் தூண்வரிசைப் படிகளில் அமர்ந்து பிரித்தபோது, சீருடை அணிந்த ஒருவர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். அங்கே அமர்ந்து உண்பது குற்றம் என்று எங்களுக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. முதியவர்கள் கையில் பிரித்த பொட்டலத்தோடு எழுந்து நின்ற காட்சி இன்றும் எனக்கு வேதனை தருகிறது.

அன்று பிற்பகல் நடந்த இன்னொன்றை என்னால் மறக்க முடியவில்லை. குறுகலான ஒரு பாலத்தின் மேல் குழுப்படம் எடுப்பதற்காக 42 பேரும் வரிசையாக நின்றோம். பாலத்தின் அடியில், சக்கரம் வைத்த காய்கறிப் பையைப் பிடித்தபடி ஒரு மூதாட்டி வந்து நின்றார். நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் படம் எடுத்து முடிக்கும் வரை அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு பையைப் படிப்படியாகத் தூக்கி வைத்து ஏறிச் சென்றார். அவர் வீட்டுக்குப் போகும் வழி அது என்பது எனக்கு மறுநாள் பேருந்தில் அமர்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அந்த நகரத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணமே நாங்கள் அங்கிருந்த ஆறு மணி நேரத்தில் எங்கள் யாருக்கும் வரவில்லை.

2024 நவம்பரில் நாங்கள் இருவரும் குழு இல்லாமல் மீண்டும் சென்று, கன்னரேஜியோ பகுதியில் ஓர் அறை எடுத்து ஆறு இரவுகள் தங்கினோம். இந்த மடலில் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை அப்போது கண்டவை. 2018இல் என் கண்ணெதிரே இருந்தும் நான் காணாமல் விட்டவை.

முதலில் கிணறுகள். வெனிஸில் சான் மார்கோவைத் தவிர மற்ற சிறு திடல்களைக் காம்போ என்பார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு காம்போவின் நடுவிலும் செதுக்கிய கல்லால் ஆன ஒரு கிணற்று வாய், இரும்பு மூடியோடு இருக்கும். முதல் பயணத்தில் அவற்றை அலங்காரக் கல் என்றே நினைத்தேன். நீரோடு வேலை செய்தே முதுமை அடைந்த நான் அப்படி நினைத்துவிட்டேனே என்று இப்போது வருந்துகிறேன். வெனிஸ் உப்புநீர்க் காயலின் நடுவே, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் மேல் எழுந்த நகரம். தோண்டினால் நல்ல நீர் கிடைக்காது. ஆகவே அவர்கள் திடலையே சில மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, உப்புநீர் கசிந்து வராதபடி அடியிலும் பக்கங்களிலும் களிமண் பூசினார்கள். அந்தப் பள்ளம் முழுவதையும் மணலால் நிரப்பி, நடுவில் செங்கல்லால் கிணற்றுத் தண்டை எழுப்பினார்கள். திடலின் தளத்தை நான்கு புறமும் சிறிது சாய்வாக அமைத்து, துளையிட்ட கற்களின் வழியே மழைநீரை உள்ளே இறக்கினார்கள். சுற்றியிருக்கும் கூரைகளில் விழும் மழையும் அங்கேயே வந்து சேரும். நீர் மணலில் ஊறி வடிந்து, தூய்மையாகி, நடுவிலிருக்கும் தண்டில் சுரக்கும். நாம் கிணறு என்று காண்பது அந்தத் தண்டின் வாய் மட்டுமே. உண்மையான நீர்த்தொட்டி நம் காலடியில் திடல் முழுவதும் பரந்து கிடக்கிறது.

1858ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில் தனியார் வீடுகளிலும் பொதுத் திடல்களிலுமாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய கிணறுகள் இருந்தன. மழை பொய்த்த காலங்களில் பிரெண்டா ஆற்றிலிருந்து படகுகளில் நீர் கொண்டுவந்து அவற்றில் ஊற்றினார்கள். கடல்நீர் திடலில் ஏறினால் கிணறு கெட்டுவிடும் என்பதால் கிணற்று வாயைச் சுற்றியிருக்கும் தளத்தைப் பல இடங்களில் படி வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் நீர் வந்து சேரும் வரை அந்த மாபெரும் வணிக நகரம் முதன்மையாக மழையைக் குடித்தே வாழ்ந்தது. 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின்படி வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டியவர்கள் நாம். நம் குழுவில் வரும் ஒருவருக்கு அந்தக் கிணற்றின் அருகே பத்து நிமிடம் நிற்க வைத்து இதைச் சொன்னால், அவர் ஊர் திரும்பித் தம் பேரப்பிள்ளைகளிடம் கோண்டோலாவைப் பற்றிச் சொல்வதைவிட இதைப் பற்றி அதிகம் சொல்வார் என்று உறுதியாக நம்புகிறேன். இதற்கு நுழைவுச்சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

நகரம் நிற்கும் விதமும் அப்படித்தான். சேற்றில் மரக் கம்பங்களை நெருக்கமாக அறைந்து, அவற்றின் மேல் பலகைகளும், பலகைகளின் மேல் இஸ்திரியக் கல்லும் அடுக்கி, அதன் மேல்தான் செங்கல் சுவர்கள் எழுந்தன. சேற்றுக்குள் காற்று புகாததால் மரம் மட்காமல் நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஈரம் ஊடுருவாத இஸ்திரியக் கல் உப்புநீர் மேலே ஏறாமல் தடுக்கிறது. கடல் மட்டம் உயர்ந்து நீர் அந்தக் கல்லின் விளிம்பைத் தாண்டும்போது உப்பு செங்கல்லுக்குள் புகுந்து, காய்ந்து, பொரிந்து, சுவரை உதிர்க்கிறது. விரைவுப் படகுகள் எழுப்பும் அலைகள் அந்த அடித்தளத்தை நாள்தோறும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. நேரத்தை மிச்சப்படுத்த நீங்கள் தனி மோட்டார் படகு அமர்த்தும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.

2019 நவம்பர் 12 இரவு நீர் 187 சென்டிமீட்டர் ஏறியது. 1966 நவம்பர் 4இல் ஏறிய 194 சென்டிமீட்டருக்கு அடுத்த பெரும் வெள்ளம் அது. காயலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள லீடோ, மலமோக்கோ, கியோஜா என்ற மூன்று வாய்களிலும் 78 எஃகுக் கதவுகளை நீருக்கடியில் படுக்க வைத்து, பெருநீர் வரும்போது காற்றைச் செலுத்தி எழுப்பும் மோசே என்ற அமைப்பு 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தது. நான் வியந்து போற்றும் பொறியியல் அது. ஆனால் கதவுகளை அடிக்கடி மூடினால் காயலுக்கு உயிரூட்டும் ஓத நீரோட்டம் நின்றுபோகும். ஆகவே சிறிய ஏற்றங்களுக்கு அவற்றை எழுப்புவதில்லை. நகரத்திலேயே மிகத் தாழ்வான இடங்களில் ஒன்றான சான் மார்கோ தேவாலயத்தைக் காக்க 2022இல் அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். உங்கள் பயணிகள் படம் எடுக்கும்போது குறுக்கே நிற்பதாகக் குறைபடும் தடுப்பு அதுதான்.

இனி அங்கு வாழ்பவர்களைப் பற்றி. 1951இல் வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்கும் கீழே இறங்கியது. ரியால்ட்டோ பாலத்துக்கு அருகே சான் பர்த்தலோமியோ திடலில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிச் சன்னலில், அந்நேரத்தில் நகரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் மின் எண்பலகை ஒன்று இருக்கிறது. நம் குழுக்கள் எல்லாமே அந்தத் திடலைக் கடந்துதான் பாலத்துக்குச் செல்கின்றன. 2023இல் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக உள்ளூர்க் குடிமக்கள் குழுக்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். வாடகை ஏறி, பலசரக்குக் கடை முகமூடிக் கடையாகி, தச்சரும் செருப்புத் தைப்பவரும் நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்த பின், ஊர் என்று அங்கே மிஞ்சப்போவது என்ன என்று அவர்கள் அஞ்சுகிறார்கள்.

இரவு தங்குவதும் இதைத்தானே கூட்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடியிருப்பு வீடுகளை நாள் வாடகை அறைகளாக மாற்றுவதால் கேடு விளைகிறது என்பது உண்மை. அதனால்தான் உரிமம் பெற்ற விடுதிகளை மட்டும் அமர்த்துங்கள் என்று கேட்கிறேன். நாங்களும் அப்படியே தங்கினோம். ஆனால் பகலில் வந்து பகலிலேயே போகிறவர்கள் நகரத்துக்குச் செய்வது வேறு. எல்லோரும் ஒரே நான்கைந்து மணி நேரத்தில், ஒரே மூன்று தெருக்களில், ஒரே இரண்டு பாலங்களில் நெருக்குகிறோம். கைவண்டியில் வீடு வீடாகத் திரட்டிப் படகில் ஏற்ற வேண்டிய குப்பையை விட்டுச் செல்கிறோம். செலவழிக்கும் பணமும் பெரும்பாலும் அந்தச் சில கடைகளோடு நின்றுவிடுகிறது. தங்குகிறவர் அந்த நெருக்கடிக்கு வெளியே நடக்கிறார். காலை ஏழு மணிக்கு ரியால்ட்டோ மீன் சந்தையில் இருப்பார். இரவு ஒன்பது மணிக்கு, கூட்டம் வடிந்த சதுக்கத்தில் நிற்பார்.

நகராட்சியும் இந்த வேறுபாட்டைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த 29 நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். 2025இல் அதை 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோவாக உயர்த்தினார்கள். நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்கள் விலக்குப் பதிவு செய்துகொண்டால் போதும், இந்தக் கட்டணம் இல்லை. அவர்கள் செலுத்தும் தங்கும் வரி தனி. அந்நாட்கள் ஏப்ரல் முதல் ஜூலை வரை பரவியிருந்தன என்பதையும், நம் பள்ளிகளின் கோடை விடுமுறையை ஒட்டி நீங்கள் குழுக்களை அனுப்பும் காலம் அதற்குள்தான் வருகிறது என்பதையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

இன்னொரு விதி உங்களுக்கென்றே வந்தது. 2024 ஆகஸ்டு முதல் வெனிஸில் 25 பேருக்கு மேற்பட்ட குழுவை ஒரே வழிகாட்டி நடத்திச் செல்லக்கூடாது; ஒலிபெருக்கி பயன்படுத்தக்கூடாது. குறுகிய தெருக்களிலும் பாலங்களிலும் வழியை மறித்து நிற்பதும் தவறு. இதற்குப் பிறகும் 45 பேர் கொண்ட குழுவை அப்படியே இறக்கி, முன்னால் ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்து நடப்பதை நவம்பரில் நானே பார்த்தேன். அவர்கள் பேசியது தமிழ். குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு வழிகாட்டிகளை அமர்த்துவதற்கான செலவைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். காதில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிக்கருவிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வழிகாட்டியின் குரல் முதியவர்களுக்கு அவற்றில்தான் தெளிவாகக் கேட்கும்.

மற்ற விதிகளையும் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். சான் மார்கோவில் புறாக்களுக்குத் தீனி போடுவது 2008 முதல் தடை. சதுக்கத்தின் தரையிலோ படிகளிலோ அமர்ந்து உண்டால் அபராதம். நடக்கும்போது வலப்புறம் ஒதுங்கி நடக்க வேண்டும். குடிநீர் வாங்க வேண்டியதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பொதுக் குழாய்களில் நல்ல நீர் வந்துகொண்டே இருக்கிறது, ஆளுக்கொரு குப்பி கொண்டுவந்தால் போதும்.

நம்மவர்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது, ஒரு சதுக்கமும் சில படகுகளும்தானே என்று உங்களில் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் குழுக்கள் இறங்கிப் படம் எடுக்கும் அந்தப் படகுத்துறையை ஒட்டி, டோஜ் என்று அழைக்கப்பட்ட வெனிஸ் குடியரசுத் தலைவரின் அரண்மனைக்கு எதிரே, தூண்வரிசையோடு ஒரு நீண்ட கட்டடம் இருக்கிறது. 1537இல் சன்சோவினோ என்ற கட்டடக் கலைஞர் கட்டத் தொடங்கிய மார்சியானா நூலகம் அது. வெனிஸில் பிறந்து, பதின்பருவத்திலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி 1656இல் இந்தியாவுக்கு வந்து, முகலாய அரசவைகளில் மருத்துவராக இருந்து, பின்னர் சென்னையில் குடியமர்ந்து முதுமை வரை வாழ்ந்த நிக்கோலோ மனுச்சி எழுதிய குறிப்புகளின் கையெழுத்துப் படிகள் அந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. தான் திரும்பிப் பார்க்காத பிறந்த ஊருக்கு அவர் சென்னையிலிருந்து தன் எழுத்தை அனுப்பி வைத்தார். அந்த நூலகத்தின் பழைய பேரவைக் கூடத்தைச் சதுக்கத்தின் மறுகோடியிலிருக்கும் கோரர் அருங்காட்சியகத்தின் வழியே சென்று பார்க்கலாம். சென்னையிலிருந்து வரும் ஒரு குழுவை அதன் வாசலில் நிறுத்தி இந்த ஒரு செய்தியைக்கூடச் சொல்லாமல் கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் செல்வது பெரிய இழப்பு.

அதே நூலகத்தை ஒட்டி, நீரைப் பார்த்தபடி நிற்கும் கனத்த கற்கட்டடம் வெனிஸின் பழைய நாணயச்சாலை. அதன் பெயர் செக்கா. அங்கே அடித்த பொற்காசுக்குச் செக்கினோ என்ற பெயர் வந்ததும் அதனால்தான். 1284இல் தொடங்கி 1797இல் குடியரசு வீழும் வரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எடையும் பொன்னின் தரமும் ஏறத்தாழ மாறாமல் அடித்த காசு அது. மிளகுக்கும் துணிக்கும் விலையாகக் கைமாறிக் கைமாறி அது தென்னிந்தியா வரை வந்து புழங்கியது, மாலைகளில் கோத்து அணியப்பட்டது. காசின் ஒரு முகத்தில் டோஜ், புனித மாற்கின் முன் மண்டியிட்டு ஒரு கொடிக்கம்பைப் பற்றியிருப்பார். அதைப் பார்த்த நம் தென்மாவட்ட மக்கள் பனையேறும் ஒருவரின் உருவம் என்று கொண்டு, அதற்கேற்ப அந்தக் காசுக்குப் பெயரும் வைத்தார்கள். அந்த உருவத்தில் தன் ஊரின் மரத்தைக் கண்ட மனிதரை நினைத்துக்கொண்டு நாணயச்சாலையின் முன் நான் நெடுநேரம் நின்றேன்.

ரியால்ட்டோவிலிருந்து சில நிமிட நடையில், மலிப்ரான் அரங்குக்குப் பின்னால், கோர்ட்டே டெல் மிலியோன் என்ற சிறு முற்றம் இருக்கிறது. மார்கோ போலோவின் குடும்ப வீடு இருந்த இடம் அது. 1290களில் சீனத்திலிருந்து கடல்வழியாகத் திரும்பும்போது அவர் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். முத்துக் குளிப்பதையும், காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதையும், அவற்றுக்குப் பாண்டிய அரசர் செலவிட்ட பெரும்பொருளையும் அவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். பள்ளியில் நாம் படித்த அந்தப் பெயரின் வீட்டு முற்றம் சான் மார்கோவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடைதான். நாங்கள் சென்றபோது அங்கே ஒருவரும் இல்லை. காயல்பட்டினத்தையும் பழையகாயலையும் அறிந்த என் மனைவி அந்த முற்றத்தில் ஒரு படியில் அமர்ந்து, "இங்கேயிருந்து அங்கே வந்தாரா?" என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவாலயத்துக்குள் செல்லவும் நேரம் வேண்டும். நாங்கள் 2018இல் கீழிருந்து படம் எடுத்த குதிரைகள் நகல்கள்தாம். 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடிக் கொண்டுவந்து, 1797இல் நெப்போலியனிடம் இழந்து, 1815இல் திரும்பப் பெற்ற மூலக் குதிரைகள் உள்ளே மாடியில் இருக்கின்றன. எட்டாயிரம் சதுர மீட்டருக்கும் மேல் பரந்த பொன்னிறப் பதிகற்கள், மேகம் விலகிச் சன்னலில் வெயில் விழும்போது ஒவ்வொரு பகுதியாக ஒளிர்வதைக் காண ஒரு மணி நேரமேனும் உள்ளே இருக்க வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கடையைப் பற்றியும் ஒரு சொல். 1291இல் தீ விபத்தை அஞ்சி உலைகளையெல்லாம் மாற்றிய தீவு முரானோ. கண்ணாடியைக் காட்ட விரும்பினால் பயணிகளை அந்தத் தீவுக்கே அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். சான் மார்கோவுக்குப் பின்னாலிருக்கும் கடைக்குள் முக்கால் மணி நேரம் அடைத்து வைக்க வேண்டாம். அவர்களுடைய நேரம் அவர்கள் பணம் கொடுத்து வாங்கியது.

செலவு கூடும் என்பீர்கள். தீவுக்குள் விடுதிக் கட்டணம் நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயைவிட அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டிகளைப் பாலங்களில் ஏற்றி இறக்குவது முதியவர்களுக்குத் துன்பம் என்பதும் உண்மை. இதற்கு நான் கண்ட வழி லீடோ தீவு. அங்கே சாலைகள் உண்டு, தளம் சமமானது, பேருந்தையே ஊர்திப் படகில் ஏற்றிக் கொண்டுசெல்ல முடியும். அங்கிருந்து வப்போரெட்டோ என்ற பொதுப் படகில் கால் மணி நேரத்தில் சான் மார்கோ. முழங்கால் வலியுள்ளவர்களைப் பெருங்கால்வாய் முழுவதும் ஊர்ந்து செல்லும் முதலாம் எண் படகில் ஏற்றினால், ஓர் அடி நடக்காமலே நகரத்தின் மாளிகைகளை எல்லாம் பார்த்துவிடுவார்கள். ஒரு நாள் சீட்டு 25 யூரோ. ஐந்து பேர் ஏறும் கோண்டோலாவின் பகல் கட்டணம் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் செய்வதை ஆறு நாடு என்று மாற்றினால் ஓர் இரவு தானாகவே கிடைத்துவிடும்.

உணவைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. வெனிஸ் அரிசி உண்ணும் ஊர். பச்சைப் பட்டாணியும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் ரிசி ஏ பிசி என்ற உணவு, புனித மாற்கு திருநாளான ஏப்ரல் 25 அன்று டோஜுக்கே பரிமாறப்பட்டது. இறைச்சி சேர்க்காமல் செய்துதரச் சொல்லி முன்பே தெரிவித்தால் சைவ உணவினரும் மனநிறைவோடு உண்பார்கள். என் மனைவிக்கு அது பொங்கலை நினைவூட்டியது.

நாங்கள் தங்கியிருந்த நாட்களில் நவம்பர் 21 வந்தது. 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டபோது, நோய் நீங்கினால் அன்னை மரியாவுக்கு ஒரு கோயில் எழுப்புகிறோம் என்று வெனிஸ் மக்கள் நேர்ந்துகொண்டார்கள். அந்த வேண்டுதலின்படி எழுந்ததே பெருங்கால்வாயின் முகப்பில் நிற்கும் சலூத்தே தேவாலயம். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அந்நாளில் கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைத்து மக்கள் நடந்துசென்று மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அன்று பாலத்தில் நடந்தவர்களில் பெரும்பாலானோர் ஊர்க்காரர்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கி வந்தார்கள். முதியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வாசலில் பலகாரக் கடைகள் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் சென்ற பெண்மணி, நாங்கள் தயங்குவதைப் பார்த்துத் தன் கையிலிருந்த இரண்டு மெழுகுவத்திகளில் ஒன்றை என் மனைவியிடம் கொடுத்தார். 2018இல் பாலத்தடியில் காத்து நின்ற மூதாட்டியும் அந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்திருக்கக்கூடும்.

வரும் கோடைக்கான அட்டவணைகளை நீங்கள் ஆண்டின் இறுதியில் அச்சுக்குக் கொடுக்கிறீர்கள் என்று அறிகிறேன். அதற்கு முன் வெனிஸ் என்ற அந்த ஒரு வரியை எடுத்துப் பார்த்து, ஓர் இரவு சேர்க்க முடியுமா என்று கணக்கிடுங்கள். முடியாதென்றால் அந்த வரியை நீக்கிவிட்டு, அந்த நாளை நீங்கள் ஏற்கெனவே தங்கும் வேறொரு ஊருக்குக் கொடுங்கள். சேர்க்க முடிந்தால், கிணறுகள், நூலகம், நாணயச்சாலை, மிலியோன் முற்றம் ஆகியவற்றை இணைத்து மூன்று மணி நேரத்தில் மெதுவாக நடந்து முடிக்கக்கூடிய வழியொன்றை நான் தமிழில் எழுதி, இருக்கைகள் உள்ள இடங்களையும் கழிப்பறைகள் உள்ள இடங்களையும் குறித்து வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கட்டணமின்றித் தருவேன். உங்கள் குழு மேலாளர்களோடு அமர்ந்து விளக்கவும் எந்த ஊருக்கும் வருவேன்.

இங்ஙனம்,
உங்கள் குழுக்களில் ஒருமுறை வந்த பயணி,
திருச்சிராப்பள்ளி